முதுகுக்குப் பின்னால் மணல்

தொடர் – 17

கொள்ளைக்காரர் மோசே துறவியான கதையைப் போன இரண்டு வாரமும் சொல்லியாயிற்று. ஸ்கேட்டிஸ் பாலைவனத்தில் தவறிவிட்ட ஒரு சகோதரனை விசாரிக்கப் பெரியவர்கள் கூடினார்கள், மோசே வர மறுத்தார், குரு ஆள் அனுப்பினார், ஓட்டைக் கூடையைச் சுமந்துகொண்டு அவர் வந்தார். அந்த இடத்தில் விட்டோம்.

இந்த வாரம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்தச் சகோதரன் செய்த குற்றம் என்ன? கூட்டம் அவனுக்கு என்ன தண்டனை கொடுத்திருக்கக்கூடும்? வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை முதல் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. அதற்கு வருகிறேன். ஆனால் ஐந்து நாளாக அந்தக் கூடை என்னை விடவில்லை. நாளைக் காலை பக்கம் அச்சுக்குப் போகிறது. கூடையை இறக்கி வைக்காமல் எனக்கு வேறெதுவும் எழுத வராது.

கதை நம்மிடம் இரண்டு உருவில் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றில் மோசே ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வருகிறார். இன்னொன்றில் மிகவும் பழைய கூடையில் மணலை நிரப்பி முதுகில் போட்டுக்கொண்டு வருகிறார். 6ஆம் நூற்றாண்டில் பாலைவனத் துறவிகளின் வாய்மொழிகளை லத்தீனுக்குக் கொண்டுவந்த பெலாகியுஸ் என்ற தியாக்கோன், கூடையையும் மணலையும்தான் எழுதியிருக்கிறார். அந்தத் தொகுப்பு பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டது. அதன் 9ஆம் பகுதி முழுவதும் ஒரே பொருள்தான்: யாரையும் தீர்ப்பிடாதிருத்தல். பொறுமைக்கும் தாழ்மைக்கும் ஜெபத்துக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கியவர்கள் இதற்கும் ஒன்று ஒதுக்கினார்கள் என்றால், பாலைவனத்தில் தனித்திருந்தவர்களையும் இந்தப் பழக்கம் விடாமல் துரத்தியிருக்கிறது என்றுதானே பொருள்!

பாத்திரமா, கூடையா? பாத்திரத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. 420ஆம் ஆண்டை ஒட்டித் துறவிகளின் வரலாற்றை எழுதிய பல்லாதியுஸ், மோசேயைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். உடம்பில் வலுவில்லாத முதிய துறவிகளின் குடிசைகளுக்கு மோசே இரவில் போவாராம். அவர்களுடைய பானைகளை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்து, தண்ணீர் நிரப்பி, யாருக்கும் தெரியாமல் திரும்ப வைத்துவிடுவாராம். சில குடிசைகளுக்கும் கிணற்றுக்கும் இடையே ஐந்து மைல். பாலை மணலில், இருட்டில், அடுத்தவர் பானையோடு. தன்னைத் தாக்க வந்த நான்கு திருடர்களைக் கட்டி, பதர்மூட்டைபோலத் தூக்கிக் கோயிலில் கொண்டுபோய் இறக்கிய அதே முதுகு. ஆகவே தண்ணீர்ப் பாத்திரம் மோசேக்குப் பொருந்தாத பொருள் அல்ல.

ஆனாலும் கூடையின் பக்கமே என் மனம் சாய்கிறது. நான் ஓலை முடைகிற வீட்டில் வளர்ந்தவன். ஆச்சி திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து கடகப்பெட்டி முடைவாள். நனைத்த ஓலையின் வாசனை இல்லாமல் எனக்குச் சிறுவயது ஞாபகம் எதுவும் இல்லை. ஸ்கேட்டிஸ் துறவிகள் எதை முடைந்தார்கள், எப்படி முடைந்தார்கள் என்று இந்த வாரம் தேடத் தொடங்கியவன், வேறு வேலைக்குத் திரும்பவே இல்லை.

ஸ்கேட்டிஸ் என்பது இன்றைய எகிப்தின் வாதி நத்ரூன். கெய்ரோவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த பள்ளத்தாக்கு. உப்பு ஏரிகள் வற்றும்போது கரையில் நத்ரூன் என்ற சோடா உப்புப் படியும். பண்டை எகிப்தியர் இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்த எடுத்துப்போன உப்பு அதுதான். அங்கே உழவு இல்லை. 330ஆம் ஆண்டை ஒட்டி மக்காரியுஸ் முதலில் போய்த் தங்கினார், பின்னால் மற்றவர்கள் போனார்கள். பிழைப்புக்கு அவர்கள் கையில் இருந்தது பேரீச்சை ஓலை. அதை நனைத்து, கிழித்து, கயிறு திரித்தார்கள், பாய் பின்னினார்கள், கூடை முடைந்தார்கள். விற்ற காசில் ரொட்டி. மிச்சம் இருந்தால் ஏழைகளுக்கு.

வனத்து அந்தோனியாருக்கே இந்த வேலையைக் காட்டிக் கொடுத்தது ஒரு தேவதூதன் என்பது அவர்கள் நம்பிக்கை. மனம் சோர்ந்து போயிருந்த ஒருநாள், தம்மைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து திரிப்பதையும் அவர் கண்டார். இப்படி இரு, பிழைப்பாய் என்பதுதான் அந்தக் காட்சி சொன்ன சேதி. கையில் ஓலை, வாயில் ஜெபம்.

அர்சேனியுஸின் ஓலைத் தண்ணீரைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. அவர் பேரரசர் தெயோதோசியுஸின் பிள்ளைகள் அர்க்காதியுஸுக்கும் ஹொனோரியுஸுக்கும் ஆசிரியராக இருந்தவர். அரண்மனையை விட்டு ஸ்கேட்டிசுக்கு வந்து கூடை முடையத் தொடங்கினார். ஓலை நனைக்கும் தொட்டியின் தண்ணீரை வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் மாற்றுவார். குறையக் குறைய மேலே ஊற்றிக்கொள்வதோடு சரி. ஆச்சி இரண்டு நாள் பழைய ஓலைத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினாலே மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஒரு வருஷத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். ஏன் இப்படி என்று மற்றவர்கள் கேட்டபோது, உலகத்தில் அனுபவித்த நறுமணங்களுக்குப் பதிலாக இந்த நாற்றத்தைத் தாங்குகிறேன் என்ற பொருளில் பதில் சொல்லியிருக்கிறார்.

குள்ள யோவான் என்று ஒருவர். முடைந்ததை ஏற்றிப்போக ஒட்டகக்காரர் வந்து கதவைத் தட்டினார். எடுத்து வர உள்ளே போன யோவான், மனம் கடவுளிடம் போய்விட்டதால் வந்த வேலையை மறந்து அப்படியே இருந்துவிட்டார். மறுபடி தட்டல், மறுபடி மறதி. மூன்றாவது முறை உள்ளே போகும்போது, மறக்காமல் இருப்பதற்காக, முடைந்த பொருளையும் ஒட்டகத்தையும் மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். வாசலில் அவ்வளவு நேரம் நின்ற அந்த ஒட்டகக்காரரின் பொறுமையையும் நான் மதிக்கிறேன்.

இன்னும் ஒருவர், துறவி காசியன் எழுதிவைத்திருக்கும் அப்பா பவுல். (அப்பா என்ற துறவிகளின் பட்டத்தை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.) அவர் இருந்த இடத்திலிருந்து ஊர் ஏழு நாள் நடை. கூடை விற்கிற காசு அதைக் கொண்டுபோகிற கூலிக்குக் காணாது. ஆனாலும் வருஷம் முழுவதும் முடைவார். குகை நிறைந்ததும் எல்லாவற்றுக்கும் தீ வைத்துவிட்டு, புதிய வருஷத்தின் முதல் ஓலையை எடுப்பார். வயிற்றுக்காக அல்ல, மனம் சோம்பிப்போகாமல் இருக்க.

இவ்வளவும் எதற்கு? மோசே அன்று கூடையோடு போய் நின்ற இடம் எப்படிப்பட்டது என்பதற்காக. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஓலை கிழித்துக் கிழித்துக் கைத்தோல் தடித்தவர்கள். ஒரு கூடையைத் தூரத்தில் பார்த்தாலே அது எத்தனை வருஷப் பழசு, எந்த மூலை விட்டிருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் நடுவே, தோளில் போடவே தகுதியில்லாத ஒரு கூடையை மணல் கொட்டக் கொட்டச் சுமந்து வந்தால் யாருக்குப் பொறுக்கும்? அதனால்தான் அவர் உள்ளே வந்து உட்காரும்வரை காத்திருக்காமல் எதிரே வந்து, இது என்ன என்று கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவன் கண்ணின் துரும்பையும் தன் கண்ணின் உத்திரத்தையும் பற்றிச் சொன்னவர் தச்சுப்பட்டறையில் வளர்ந்தவர். மரத்தூள் கண்ணில் விழுந்தால் எப்படி உறுத்தும் என்று அவருக்குத் தெரியும். அவர் தம் தொழிலிலிருந்து எடுத்துச் சொன்னார். ஏறத்தாழ முந்நூற்றைம்பது வருஷம் கழித்து மோசே தம் தொழிலிலிருந்து எடுத்துச் சுமந்தார்.

என் பாவங்கள் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, அவற்றை நான் பார்ப்பதில்லை, இன்னொருவனுடைய குற்றத்தைத் தீர்க்க இன்று வந்திருக்கிறேன் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆச்சி முடைந்த கடகப்பெட்டி ஒன்று இன்னும் பரணில் இருக்கிறது. அவள் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெட்டியின் ஒரு மூலையை எலி கடித்திருந்தது. திங்கட்கிழமை விடியுமுன் அதில் தேரி மணலை நிரப்பி, துண்டால் கட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கோயில்வரை நடந்தேன். நானூறு மீட்டர் இருக்கும். மோசே எவ்வளவு தூரம் நடந்தார் என்று கதையில் இல்லை. ஆனால் நானூறு மீட்டரிலேயே நான் மூன்று விஷயம் கற்றுக்கொண்டேன்.

முதலாவது, மணல் கொட்டுவது தெரியவே இல்லை. தண்ணீராக இருந்தால் முதுகு நனைந்திருக்கும், குதிகாலில் சொட்டியிருக்கும், சத்தம் கேட்டிருக்கும். மணல் ஓசையில்லாமல் விழுகிறது. தன் குற்றத்தைத் தான் அறியாமல் ஒருவன் நடப்பதைக் காட்ட வேண்டுமென்றால் மணல்தான் பொருத்தம். அதனால் என் கணக்கில் கூடை ஜெயித்துவிட்டது.

இரண்டாவது, இதை நான் எந்த உரையிலும் படித்ததில்லை. நடக்க நடக்கப் பாரம் குறைகிறது. தபால்பெட்டி முக்கு திரும்பும்போது எனக்கு உடம்பே லேசாகி, நடை வேகமெடுத்தது. நான் பலம் பெற்றுவிட்டதுபோல இருந்தது. பலம் ஒன்றும் வரவில்லை. கொட்டிப்போனது, அவ்வளவுதான். பிறரைத் தீர்ப்பிட உட்காரும்போது நமக்குள் வருகிற அந்த லேசான, நிமிர்ந்த, சுத்தமான உணர்வு இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று அன்று காலை எனக்கு விளங்கியது. நம் பாரம் தீர்ந்துபோகவில்லை. வழியெல்லாம் கிடக்கிறது. நமக்குத் தெரியவில்லை.

மூன்றாவது பாடம் திரும்பி வரும்போது கிடைத்தது. கோயில் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது சிமெண்ட் ரோட்டில் சிவப்பாக ஒரு கோடு என் வீட்டுப் பக்கம் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பினால், பாதி வழிக்கு மேல் கோட்டைக் காணோம். எதிர்வீட்டு மருமகள் வாசல் தெளிக்க வந்தவள், தன் வாசலைத் தாண்டி ரோட்டையும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரோ மணலைச் சிந்திட்டுப் போயிருக்காவ மாமா. பைக் சறுக்கிரும்லா.”

“நான்தாம்மா சிந்தினேன்.”

“சரி மாமா, நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் என் வீட்டு வாசல்வரை பெருக்கிவிட்டாள். எதற்காக விடிகாலையில் மணலைச் சுமந்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. மக்காரியுஸைப் பற்றித் தொகுப்பாளர்கள் ஒரு பெரிய வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்: கடவுள் உலகத்தை மூடிக் காப்பதுபோல, அவர் கண்ட குற்றங்களைக் காணாதவர்போல மூடிக் காத்தார் என்று. அதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதற்கு ஒரு துடைப்பம் வேண்டும் என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது.

ஸ்கேட்டிசில் மணலைச் சுமந்தவர் மோசே மட்டும் அல்ல. அப்பா பியோரும் சுமந்தார். அதுவும் ஒரு சகோதரனின் குற்றத்தைப் பற்றிக் கூடிய கூட்டம்தான். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பியோர் வாய் திறக்கவில்லை. எழுந்து வெளியே போய், பெரிய சாக்கில் மணலை நிரப்பித் தோளில் போட்டுக்கொண்டார். சிறு பையில் கொஞ்சம் மணல் எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டார். பின்னால் இருக்கும் சாக்கு என் பாவங்கள், பார்த்து அழ நேரிடும் என்று முதுகுக்குப் போட்டுவிட்டேன். முன்னால் இருக்கும் பை என் சகோதரனுடையது, அதையே பார்த்துப் பார்த்துத் தீர்ப்பிடுகிறேன். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது என்று விளக்கினார்.

இரண்டு மணல்களும் ஒன்று என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். சுமந்து பார்த்த பிறகு வேறு வேறு என்று தெரிகிறது. பியோரின் சாக்கில் ஓட்டை இல்லை. அதன் பாரம் குறையாது, தோளில் அழுத்திக்கொண்டே இருக்கும். இருக்கிறது என்று தெரிந்தும் பார்க்க மறுக்கிறவனின் பாவம் அது. மோசேயின் கூடை ஒழுகுகிறது. அது இருப்பதே தெரியாமல் நடக்கிறவனின் பாவம். பியோரின் மருந்து சுலபமாகச் சொல்லிவிடலாம், சாக்கை முன்னால் மாற்றிப் போடு என்று. மோசேயின் நோய்க்கு அது போதாது. பின்னால் வருகிறவர் யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. ஆனால் நாம் தீர்ப்பிட்டுத் தள்ளிவைத்தவர்கள் நம்மிடம் எதைச் சொல்வார்கள்?

இனி தண்டனைக்கு வருகிறேன். ஸ்கேட்டிஸ் கூட்டம் என்ன செய்யக்கூடியது என்பதற்கு நேரடியான குறிப்பு கதையில் இல்லை. ஆனால் அதற்கு வடக்கே இருந்த நித்ரியா துறவியர் குடியிருப்பைப் பற்றிப் பல்லாதியுஸ் எழுதியிருக்கிறார், அங்கேயே தங்கியிருந்தவர். அவர் கணக்கில் 5,000 துறவிகள், அவர்களுக்கு ரொட்டி சுட ஏழு அடுமனைகள். பெரிய கோயிலை ஒட்டி மூன்று பேரீச்சை மரங்கள். மரத்துக்கு ஒன்றாக மூன்று சாட்டைகள் தொங்கின. ஒன்று தவறு செய்யும் துறவிக்கு. ஒன்று கொள்ளையடிக்க வருகிறவனுக்கு. ஒன்று வழிப்போக்கனாக வந்து குற்றம் செய்கிறவனுக்கு. குற்றவாளி மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்க வேண்டும். முதுகில் இத்தனை அடி என்று வாங்கியதும் விட்டுவிடுவார்கள்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. எந்த மரத்தின் ஓலையை நனைத்துக் கூடை முடைந்தார்களோ, அதே மரத்தில் சாட்டையும் தொங்கியது. ஒரே மரம்தான். ஓலையை எடுப்பதா, சாட்டையை எடுப்பதா என்பது அதன் கீழே வந்து நிற்கிறவரைப் பொறுத்தது.

மோசே ஒரு காலத்தில் கொள்ளையர் தலைவர், பிறகு துறவி. நித்ரியாவில் என்றால் மூன்றில் இரண்டு சாட்டைகள் அவருக்கென்றே தொங்கியிருக்கும். கூட்டம் என்றால் என்ன என்பதும் அவருக்குத் தெரியும். வேறொரு முறை ஸ்கேட்டிஸ் கூட்டத்தில் அவரைச் சோதிப்பதற்காகப் பெரியவர்களே அவருடைய கறுப்பு நிறத்தைச் சொல்லி, இவன் ஏன் நம் நடுவே வருகிறான் என்று இழிவாகப் பேசினார்கள். அவர் பதில் பேசவில்லை. மனம் கலங்கவில்லையா என்று பின்னால் கேட்டபோது, கலங்கினேன், ஆனால் பேசவில்லை என்றார். கூட்டம் இப்படிப்பட்டது என்று தெரிந்தவர், இன்னொருவனை விசாரிக்கும் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டபோது முதலில் மறுத்தது எனக்கு வியப்பாக இல்லை. பிறகு எழுந்து போனதுதான் வியப்பு. ஒதுங்கி இருந்திருந்தால் அவர் கை சுத்தமாக இருந்திருக்கும், அந்தச் சகோதரன் மாட்டிக்கொண்டிருப்பான். மோசே போனார், ஆனால் வெறுங்கையோடு போகவில்லை.

இந்தக் கதையிலிருந்து எனக்குக் கிடைத்ததை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன். தீர்ப்பிடுகிறவன் வெறுங்கையோடு வருகிறான், இரங்குகிறவன் எதையாவது சுமந்து வருகிறான். இரக்கம் காட்டினால் ஒழுங்கு என்ன ஆகும் என்று கோவில்பட்டி வாசகர் ஒருவர் கோபமாகவே கேட்டிருந்தார். நியாயமான கோபம். மோசே குற்றத்தைக் குற்றம் இல்லை என்று சொல்லவே இல்லை. ‘இன்னொருவனுடைய குற்றம்’ என்றுதான் அவரும் சொன்னார். கூட்டம் அதற்குப் பிறகு அந்தச் சகோதரனிடம் ஒன்றும் பேசாமல் மன்னித்தது. குற்றத்துக்குப் பெயர் இருந்தது, மனிதன் மேல் கல் விழவில்லை. லூக்கா 6ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் வரிசையைப் பாருங்கள். 36ஆம் வசனத்தில் பிதாவைப்போல் இரக்கமாயிருக்கச் சொல்கிறார். தீர்ப்பிட வேண்டாம் என்பது அதற்கு அடுத்த 37ஆம் வசனத்தில் வருகிறது. முந்தியது இருந்தால்தான் பிந்தியது நிற்கும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபைக் கமிட்டியில் நானும் இருந்தேன். ஒருவரை ஆறு மாதத்துக்குத் திருவிருந்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நாங்கள் ஏழு பேர். அரைமணி நேரம் பேசினோம். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையைத் தூக்கச் சொன்னார்கள். ஏழு கையும் உயர்ந்தது. ஏழும் வெறுங்கை.

அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அந்த ஆறு மாதமும் ஞாயிறு தவறாமல் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் எழுந்து பீடத்துக்கு வரிசையாகப் போகும்போது அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். நானும் அந்த வரிசையில் போவேன். அவரைத் தாண்டும்போது பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வேன். தாண்டிய பிறகு மனசுக்கு லேசாக இருக்கும். தபால்பெட்டி முக்கில் திங்கட்கிழமை எனக்கு வந்த அதே லேசு.

கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் பீடத்துக்குப் போகிற எல்லோருடைய முதுகும் தெரியும். ஆறு மாதம் அவர் என் முதுகைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து என்ன கொட்டியது என்று அவருக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் முடிந்த மறு ஞாயிறு திருவிருந்தில் பங்குபெற்றார். அந்த வருஷமே வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனார். வழியனுப்ப நான் போகவில்லை.

இப்போது வாசகர்களின் முதல் கேள்வி. அந்தச் சகோதரன் செய்த குற்றம் என்ன?

தேடினேன். பாத்திரக் கதையிலும் இல்லை, கூடைக் கதையிலும் இல்லை. பியோரின் கூட்டத்தில் விசாரிக்கப்பட்டவன் செய்ததும் இல்லை. தவறினான் என்று ஒரு சொல், அதற்கு மேல் எதுவும் கிடையாது. அவன் பெயரும் இல்லை. இந்த வாய்மொழிகளைச் சேர்த்தவர்களுக்குப் பெயர் முக்கியம். இன்னொரு தொகுப்பில், அகர வரிசையில் ஒவ்வொரு பெரியவர் பெயரின் கீழும் அவரவர் சொன்னதை அடுக்கிவைத்தவர்கள் அவர்கள். குற்றத்தை எழுத அவர்களுக்குக் கூச்சமும் கிடையாது. வேண்டிய இடத்தில் திருட்டைத் திருட்டு என்றும், அறைக்குள் பெண் இருந்ததைப் பெண் இருந்தாள் என்றும் எழுதியிருக்கிறார்கள். மோசே ஓட்டைக் கூடையோடு வந்து காப்பாற்றிய இவன் விஷயத்தில் வெறுமனே ‘ஒரு சகோதரன்’ என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு புரிந்தது. அன்று கூட்டம் மன்னித்தது. அந்தக் கதையை வாய்வழி சொல்லிவந்தவர்களும் எழுதியவர்களும் படி எடுத்தவர்களும் மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். 1,600 வருஷமாக அந்த மணல் பெருக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் சபையில் நாங்கள் விலக்கிவைத்தவரைப் பற்றி நேற்று இரவு எழுதியபோது, அவர் செய்தது என்ன என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அது இல்லாமல் கதை முழுமையாகாது என்று அப்போது நினைத்தேன். இன்று காலை அதை எடுத்துவிட்டேன். அவர் ஆணா, பெண்ணா என்பதுகூட இதில் இல்லை. அது என்ன என்று கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்டனை முறைகளைப் பற்றி நித்ரியாவின் சாட்டையோடு நின்றுவிட்டேன். ஒரு குரு தவறிய சகோதரனைக் கோயிலை விட்டு வெளியேற்றியபோது, தாமும் எழுந்து அவனோடு வெளியே நடந்த அப்பா பெசாரியோன் பாக்கி இருக்கிறார். ஒரு துறவியின் அறைக்குள் பெண் இருக்கிறாள் என்று ஊரே திரண்டு வந்தபோது, அவள் ஒளிந்திருந்த பெரிய தொட்டியின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டு, நன்றாகத் தேடிப் பாருங்கள் என்று சொன்ன ஆயர் அம்மோனாசும் பாக்கி. எல்லோரும் போன பிறகு அந்தத் துறவியின் கையைப் பிடித்து அவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்காகவே அடுத்த வாரம் முழுவதும் வேண்டும்.

கடகப்பெட்டியைப் பரணில் திரும்ப வைக்கவில்லை. எழுதுகிற மேஜைக்குப் பின்னால், நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே வைத்திருக்கிறேன். திரும்பினால்தான் தெரியும்.